கை தூக்கியவன்

நகரசபைத் தலைவருக்கு அவன் என்ன உறவு என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு சிரிப்போடுதான் பதில் வரும்: "சீதனமா வந்த மச்சான்."

அந்தக் கேலியைக் கிளப்பிவிட்டவரே தலைவர்தான். அவனுடைய அக்காவைக் கட்டிக்கொண்டபோது அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அக்காவுக்குத் தாய் தகப்பன் கிடையாது. நகை நட்டு எதுவும் கிடையாது. ஒரு தகரப் பெட்டியும், அதன்மேல் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த தம்பியும்தான் அவளோடு வந்த சொத்து. "பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நான் திறந்தே பாக்கல. மேல உக்காந்திருந்ததைப் பாத்ததுமே எனக்கு வயிறு ரொம்பிடுச்சு" என்று அவர் பல வருஷம் சொல்லிச் சிரித்தார்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. மாமா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. டிப்போவில் தெரிந்த ஃபோர்மேனிடம் கூட்டிக்கொண்டு போய், "இவனுக்குக் கை ஓடுது, புத்தகம்தான் ஓட மாட்டேங்குது" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். அப்படித்தான் அவன் மெக்கானிக் ஆனான். பைபாஸ் ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டான். ஊர் அவனுக்கு 'ஸ்பேனர்' என்று பெயர் வைத்தது. பின்னால் அவன் தேர்தலில் நின்றபோதுகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள்.

மாமா தேர்தலுக்கு வந்தது ஒரு கோபத்தில். அப்போது இருந்த நகரசபைத் தலைவர் கிழவரான பிறகும் அந்த நாற்காலியை விடாதவர். அவர் பெயரைச் சொல்லி அவர் பிள்ளைகள் ஊரையே குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மாமா கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு எதிர்த்து நின்றார். தெரு முனையில் ஒரு ஸ்டூல்மேல் ஏறி அவர் பேசியது ஊருக்கே மனப்பாடம். "பஸ்ஸுன்னா ஏறவும் வேணும், இறங்கவும் வேணும். ஒரே ஆளு கடைசிவரைக்கும் சீட்டைப் புடிச்சுக்கிட்டா, நிக்கிறவன் எப்பங்க உக்காருவான்? நான் ரெண்டு தடவை உக்காருவேன். அப்புறம் நீங்களே சொல்ல வேணாம், நானே விசில் அடிச்சு இறங்கிடுவேன்."

ஜனங்கள் கைதட்டினார்கள். அவர் ஜெயித்தார்.

முதல் சில வருஷம் அவர் வீட்டில் உட்கார நேரமில்லை. எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார், எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் கண்டக்டர் புத்தியில் பதிந்திருந்தது. ஒருவர் வந்து குறை சொன்னால் "பாத்துக்கலாம்" என்பார். மறுநாள் காலையில் அந்தத் தெருவில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சாக்கடை ஓரம் நிற்பார். இரண்டாம் தடவையும் ஜெயித்தார். அது முடிந்தபோது, "இப்ப நீங்க இறங்கினா எல்லாம் பாழாப் போயிடும்" என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அப்போது அது பொய்யும் இல்லை. மூன்றாம் தடவை நின்றார். நான்காம் தடவை நின்றபோது ஏன் என்று கேட்க யாரும் மிச்சமில்லை.

அவர் திருடவில்லை. இதை அவருக்கு ஆகாதவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் வீட்டுக்கு முதலில் ஒரு கேட் வந்தது. பிறகு கேட்டுக்கு ஒரு ஆள் வந்தான். அலுவலகத்தில் ஓர் உதவியாளர் வந்து சேர்ந்தார். நல்ல நறுவிசான மனிதர். யார் போனாலும் "தலைவர் மீட்டிங்ல இருக்காங்க, மனுவை என்கிட்ட குடுங்க" என்பார். அவருக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'கதவு'. "கதவு திறந்திருக்கா?" என்று ஒருவன் கேட்க, "திறந்துதான் இருக்கு, ஆனா வழி இல்ல" என்று இன்னொருவன் சொல்வான். தலைவர் காதுக்கு இந்த ஜோக்கும் போகவில்லை.

ஸ்பேனரும் நகரசபை உறுப்பினர் ஆகியிருந்தான். மாமாதான் நிற்கச் சொன்னார். கூட்டத்தில் அவன் அதிகம் பேசமாட்டான். மாமா பக்கம் கை தூக்குவான், டீ குடிப்பான், பட்டறைக்குத் திரும்பிவிடுவான்.

பட்டறையில் அவனோடு வேலை பார்த்தவர் ஒரு வெல்டர். அவனைவிட வயதில் மூத்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல ஒரு மௌனம். அவர் குடியிருந்தது ஊரின் தாழ்ந்த பக்கம், பழைய குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகிற தெரு. ஒருநாள் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எங்க தெருத் தண்ணி நாறுதுப்பா" என்றார்.

"எத்தனை நாளா?"

"நாளா? மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. ஆஃபீஸ்ல போய்ச் சொன்னேன். எழுதிக் குடுங்கன்னாங்க. குடுத்தேன். மறுபடியும் போனேன். மறுபடியும் எழுதிக் குடுங்கன்னாங்க. கெணத்துல போட்ட கல்லா இருக்குது."

"நான் மாமாகிட்டயே சொல்றேண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். மாமா தட்டுக்குப் பக்கத்தில் போன் இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் தெருவின் பெயரைச் சொன்னான், குழாய் எங்கே உடைந்திருக்கும் என்றும் சொன்னான். மாமா தலையை ஆட்டினார். "பாத்துக்கலாம் மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். அக்கா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மாமா சொன்னால் சொன்னதுதான் என்ற நிம்மதியில் அவனும் சாப்பிட்டான்.

வாரங்கள் போயின. வெல்டரின் மனைவிக்குக் கண் மஞ்சளித்தது. அந்தத் தெருவில் இன்னும் பல பேருக்கும். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு ஈரல் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீளமான வார்டின் கடைசிக் கட்டிலில் அவள் கிடந்தாள். ஸ்பேனர் பார்க்கப் போனபோது, "உங்க அண்ணன் சாப்ட்டாரா? யாராவது கேக்கலேன்னா அவரு சாப்பிடமாட்டாரு" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாளில் போய்விட்டாள். வெல்டர் அழவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, அவள் செருப்பைப் பையில் போடுவதா கையில் எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஸ்பேனர் நேராக நகரசபை அலுவலகத்துக்குப் போனான். 'கதவு' எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அவனுடைய முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மாமா விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உண்மையாகவே ஆடிப்போனார். "என்னடா சொல்றே! தண்ணியிலயா? என்கிட்ட ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையேடா!"

"நான் சொன்னேன் மாமா."

"நீயா? எப்ப?"

"வீட்ல. சாப்பிடும்போது. பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

மாமா அவனையே பார்த்தார். நினைவைத் துழாவினார். அவர் நடிக்கவில்லை. அவன் அவரைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவன், அவர் பொய் சொன்னால் இடது கை காதுக்குப் போகும். கை போகவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவன் சொன்ன சொல் அவர் காதில் விழுந்து, உள்ளே ஓர் இடத்திலும் தங்காமல் வெளியே போயிருந்தது. அவர் வேண்டுமென்றே மறைத்திருந்தால்கூட அவனுக்கு இத்தனை வலித்திருக்காது.

அடுத்த மாதம் கணக்கு டீச்சர் பட்டறைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வுபெற்றவர், முதல் தடவையாக உறுப்பினர் ஆனவர். நகரசபை தன் விதிகளைத் தானே திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு சட்டப் பிரிவு இருந்தது. அதை வைத்து அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். தலைவரோ உறுப்பினரோ, யாரும் இரண்டு தடவைக்குமேல் தொடர்ந்து அந்தப் பதவிக்கு நிற்கக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கினால் விதி. தேர்தலுக்குச் சில மாதமே இருந்தது.

"என்கிட்ட ஏன் டீச்சர் வர்றீங்க? நான் யாருன்னு தெரியாதா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். ஒரு கை குறையுது."

அவன் கிரீஸ் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "எங்க மாமா யார் காசையும் தொட்டதில்ல."

"தொட்டதில்லதான். திருடரா இருந்தா எனக்கு வேலை சுலபம், போலீஸ்ல போய்ச் சொல்லிடலாம். நல்லவரு காது கேக்காமப் போனா எங்க போய்ச் சொல்றது, சொல்லுங்க?" டீச்சர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். "யாரு உக்காந்தாலும் இதுதான் ஆகும். நான் உக்காந்தாலும் ஆகும். அதுக்குத்தான் விதி வேணும்னு சொல்றேன்."

மூலையில் வெல்டர் ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கை தூக்கு என்று அவர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தீப்பொறி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

செய்தி அக்கா காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? சாயங்காலமே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். அவன் வீட்டு நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"நீ அவருக்கு ஆதரவாக் கை தூக்க வேணாம். எதுத்தும் தூக்காதே. சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. அது போதும்."

"அக்கா, அந்த அம்மா செத்துப்போச்சுக்கா."

"அதுக்கு அவரு என்னடா செய்வாரு? அவரா குழாயை உடைச்சாரு?"

"அவருக்குக் கேக்கலைக்கா. யாரு சொன்னாலும் கேக்கல."

"எனக்கும்தான் கேக்கறது இல்ல, வயசாச்சு. என்னையும் வீட்டை விட்டு அனுப்பிடுவியா?" அவள் குரல் உடைந்தது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு உனக்குச் சொல்லிக் குடுத்துத்தானேடா வளர்த்தேன். அவருக்கு அந்த ஆஃபீஸ் இல்லேன்னா ஒண்ணுமே இல்ல. ஒரு ஃப்ரெண்டு கிடையாது, ஒரு பொழுதுபோக்கு கிடையாது. புள்ள குட்டியும் எங்களுக்கு இல்ல. இருந்த ஒரு புள்ள நீதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அந்த ராத்திரி அவனுக்கு எப்படிப் போயிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

கூட்டம் காலையில் நடந்தது. மேலே மின்விசிறிகள் ஓசையோடு சுற்றின. பார்வையாளர் பெஞ்சுகளில் தாழ்ந்த தெருக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் தீர்மானத்தைப் படித்தார். பிறகு, "இது என்னோட யோசனை இல்ல. தலைவர் முதல் தேர்தல்ல ஸ்டூல் மேல ஏறி நின்னு சொன்னது. நான் அப்ப கூட்டத்துல நின்னு கைதட்டினேன்" என்றார். பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாமா மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் செயலாளர்.

கைகள் எழுந்தன. செயலாளர் பேனா முனையால் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினார். ஒன்று குறைந்தது. அவர் நிமிர்ந்து, "வேற யாராவது?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

ஸ்பேனர் மாமாவைப் பார்த்தான். மாமாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்த அதே கண். அதனால்தான் கை அவ்வளவு கனத்தது. ஜாக்கி வைத்து லாரியைத் தூக்குகிற கை, வெறும் காற்றில் ஏற மறுத்தது. ஏறியபோது அவன் கண்ணை மூடியிருந்தான்.

முடிவை அறிவிக்கவேண்டியவர் தலைவர். 'கதவு' அவசரமாகக் குனிந்து காதில் ஏதோ சொன்னார். கூட்டத்தை ஒத்திவைக்கச் சொல்லியிருக்கவேண்டும். மாமா கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "தீர்மானம் நிறைவேறியது" என்றார். குரல் பிசிறவில்லை. பிறகு கோப்பை மூடிவிட்டு, அடுத்த பொருள் தெருவிளக்கு என்றார். மிச்சக் கூட்டத்தையும் கடைசிவரை நடத்தினார்.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு அவன் போனான். கேட்டிலிருந்த ஆள் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தான். "அம்மா தலைவலின்னு படுத்திருக்காங்க." ஜன்னல் திரை அசைந்ததை அவன் பார்த்தான். மறுநாளும் தலைவலி. அதற்கு மறுநாளும். அந்தத் தலைவலி பிறகு தீரவே இல்லை.

தேர்தல் முடிந்து டீச்சர் தலைவர் ஆனார். தாழ்ந்த தெருவில் பழைய குழாயைத் தோண்டி எடுத்துப் புதுக் குழாய் பதித்தார்கள். தோண்டியபோது அது எத்தனை இடத்தில் அரித்திருந்தது என்று பார்த்து ஜனங்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். வெல்டர் மட்டும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை.

மாமா வீட்டுக் கேட்டில் இப்போது ஆள் இல்லை. போன் அடிப்பது நின்றது. 'கதவு' டீச்சரிடம் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே அங்குமிங்கும் நடக்கிறார், காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வாசல் அறையில் உட்கார்ந்து மத்தியானம் வரை யாராவது வருவார்களா என்று பார்க்கிறார் என்று ஸ்பேனரின் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். அவளை மட்டும் அக்கா வீட்டுக்குள் விட்டாள்.

ஒருநாள் பட்டறை வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மாமா வந்து நின்றார். வியர்த்துக் கொட்டியது. ஆபீஸ் காரில் போய்ப் பழகியவருக்கு அந்த ஸ்கூட்டர் உதைத்தும் கிளம்பவில்லை.

"பிளக்கு போயிருக்கும் மாப்ள" என்றார், பழையபடி.

அவன் குனிந்து பிளக்கைக் கழற்றினான். மாமா டீச்சர் உட்கார்ந்த அதே டயர்மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்மேல கோவமா மாமா?"

"இருந்துச்சு. நல்லா இருந்துச்சு." அவர் நெற்றியைத் துடைத்தார். "அந்த சாப்பாட்டு மேஜையை நெனைச்சு நெனைச்சுப் பாக்குறேன்டா. நீ சொன்னது இன்னும் ஞாபகம் வரல. என்ன கறி வச்சிருந்தா உங்க அக்கான்னுகூட ஞாபகம் வருது. நீ சொன்னது வரல."

அவன் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

மாமா எழுந்து உள்ளே போனார். வெல்டர் குனிந்து இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார். மாமா முன்னால் போய் நின்றார். வெல்டர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மாமா இரண்டு கையையும் கூப்பினார். அப்படியே நின்றார்.

வெல்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "உக்காருங்க, வெயில்ல தள்ளிட்டு வந்திருக்கீங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமா அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு மாமா அடிக்கடி பட்டறைக்கு வந்தார். அக்காவுக்குத் தெரியாமல்தான். ஆனால் ஆள் உள்ளுக்குள் கரைந்துகொண்டே வந்தார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார். நெஞ்சில் சளி கட்டி எழுந்திருக்காமலே போய்விட்டார். சாவுக்குக் கூட்டம் சேரும் என்று எதிர்பார்த்து நாற்காலிகள் வாடகைக்கு எடுத்தார்கள். பாதி காலியாகக் கிடந்தன. தாழ்ந்த தெருவிலிருந்து சிலர் வந்தார்கள். டீச்சர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருப்பதாகவும், அவசியம் பிறகு வருவார் என்றும் 'கதவு' வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபின் ஸ்பேனர் வாசலில் நின்றான். அந்த வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைத்து எத்தனையோ காலம். அக்கா வாசல் அறையில், மாமா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். அவனைப் பார்த்தாள். இந்த முறை தலைவலி என்று சொல்லவில்லை.

"அவரு உன் பட்டறைக்கு வந்துட்டுப் போவாருன்னு எனக்குத் தெரியும். சட்டையில கிரீஸ் இருக்கும்" என்றாள். "கடைசியில காய்ச்சல்லகூடச் சொன்னாரு. அவன் செஞ்சது சரிதாண்டின்னு."

அவன் அழுதுவிட்டான். "அக்கா..."

"அவரு சொல்லிட்டாரு. நான் சொல்லமாட்டேன்." அவள் முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான். "சரியோ தப்போ, அது ஊருக்கு. ஊருக்கு வேற தலைவர் வந்தாச்சு. எனக்கு எங்கேயிருந்து ஆளு வரும், சொல்லு? நீ போ. உனக்கு வீடு இருக்கு."

அவன் அங்கிருந்து கிளம்பவில்லை, உள்ளேயும் போகவில்லை. அவள் கதவைச் சாத்தவும் இல்லை. இருட்டத் தொடங்கியது. வாடகை நாற்காலிக்காரன் வண்டியோடு வந்து நின்றான். உதவிக்கு ஆள் இல்லாமல் அவன் தடுமாறுவதைப் பார்த்து, ஸ்பேனர் முற்றத்தில் இறங்கி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி வண்டியில் ஏற்றிக்கொடுத்தான்.